நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது?

“ஒரு புத்தகம் படிக்க நாலு கலர் பேனா, ஸ்கேல், ஒட்டுற சீட்டு, அது போதாதுன்னு டைனிங் டேபிள் முழுசும் வேணுமா? நீ படிக்கிறியா, இல்ல அதுக்கு ஆபரேஷன் பண்றியா? நான் சாப்பாட்டுத் தட்டை எங்கதான் வைக்கிறது?”

கேட்டது என் கணவர். ஜெபல் அலியில் டூட்டி முடித்து, டிராஃபிக்கில் ஊர்ந்து, பசியோடு வந்த மனிதர். நியாயமான கேள்விதான். ஆனால் நான் ஒரு அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன். “மடியில வச்சுச் சாப்பிடுங்க” என்றேன். அதற்குப் பிறகு நடந்தது எங்கள் குடும்ப விஷயம்.

படித்ததைக் குறித்து வைப்பது சம்பளமில்லாத, லீவு இல்லாத, வீட்டில் ஒருவரும் மதிக்காத உத்தியோகம். சமையலும் அப்படித்தான் என்பீர்கள். சமைத்ததையாவது யாராவது சாப்பிட்டுத் தொலைப்பார்கள். என்னைப் போலப் பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிட்டு, வேண்டிய நேரத்தில் ஒன்றும் கிடைக்காமல் பேந்தப் பேந்த விழித்தவர்கள் உங்களில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒழுங்காகக் குறிப்பெடுக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். உங்கள் ரகத்தில் ஒருத்தியை எனக்குத் தெரியும். ஒருத்தி போதும்.

எங்கள் வாசகர் வட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். துபாய் சத்வாவில், டெய்லர் கடைகளுக்கு மேலே, கோயம்புத்தூர் மல்லிகா அக்காவின் ஃபிளாட். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுவோம். எங்களில் யாராவது ஊருக்கு லீவில் போனால், திரும்பும்போது பெட்டியில் ஊறுகாய்க்கும் இடியாப்ப மாவுக்கும் நடுவில் ஒரே ஒரு புத்தகம் வரும். ஏர்போர்ட்டில் எடை போடுகிறார்களே, ஆளுக்கொரு பிரதியெல்லாம் நடக்காது. அந்த ஒற்றைப் பிரதி வீடு வீடாகச் சுற்றும். அதில் கோடு போடக் கூடாது. அந்த மாதம் முதல் பேச்சு யாருடையதோ அவருக்குத்தான் புத்தகம் முதலில் போகும்.

வட்டம் ஆரம்பித்ததிலிருந்து முதல் பேச்சு என்னுடையது. புதுப் புத்தகத்தின் பசை வாசனையும் என்னுடையது. ஜொஹரா வந்து சேரும் வரைக்கும்.

ஜொஹரா காயல்பட்டினத்துப் பெண். கணவருக்குச் சவூதியில், யான்புவில் ரிஃபைனரி வேலை. பல வருஷம் அங்கே இருந்துவிட்டு இப்போதுதான் துபாய்க்கு மாறி வந்திருக்கிறார்கள். என்னைவிட வயது குறைவு, எடை குறைவு, பேச்சும் குறைவு. மூன்றில் எதை நான் மன்னிப்பது?

புத்தகம் அல் ஐனில்

அவள் வந்த முதல் மாதம். கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றிய நாவல். நான் பெரிய நோட்டில் சிவப்பு மையால் மார்ஜின் போட்டு, திருச்சி கான்வென்ட்டில் பழகிய பழக்கப்படி, பக்க எண் வாரியாகக் குறித்து வைத்திருந்தேன். “ப. 47, அருமை. ப. 63, முக்கியம். ப. 112, மிக மிக முக்கியம்!!!” பள்ளியில் இது பிரமாதமாக வேலை செய்தது. ஏனென்றால் பள்ளியில் புத்தகம் என் பையிலேயே இருந்தது.

இங்கே புத்தகம் கடைசியாகப் போனது புனிதா வீட்டுக்கு. புனிதா துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, அல் ஐனில் இருக்கிறாள். அவள் கணவருக்கு அங்கே பலசரக்குக் கடை. அன்றைக்குப் பார்த்து அவர்கள் கார் மக்கர் செய்து அவள் வரவில்லை. புத்தகமும் வரவில்லை. நான் எழுந்து நின்று நோட்டைத் திறந்தேன். வீட்டை விற்றுவிட்டுச் சாவிக்கொத்தை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்பவள் மாதிரி இருந்தது. நூற்றுப் பன்னிரண்டில் என்ன? மூன்று ஆச்சரியக்குறி போடும் அளவுக்கு என்ன?

ஜொஹரா கைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டை எடுத்தாள். “அந்தக் கப்பல்காரர் மத்தவங்க வீட்டுக்கெல்லாம் சும்மா உள்ள போயிடுறார். தன்னோட வீட்டுக் கதவை மட்டும் ஒவ்வொரு லீவுக்கும் தட்டிட்டு நிக்கிறார். ஏன்னு யோசிச்சேன்” என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான். அறையே அவள் பக்கம் திரும்பிவிட்டது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

மல்லிகா அக்கா என்னைப் பார்த்து, “ஏங் கண்ணு ஷீலா, நீ உக்காரு. நூத்திப் பன்னெண்டுல என்னன்னு அடுத்த மாசம் சொல்லிக்கலாம். நீ பேசு கண்ணு ஜொஹரா” என்றார்.

மூட மறுத்த புத்தகம்

சரி, குறிப்பு புத்தகத்திலேயே இருக்கட்டும் என்று அடுத்த மாதம் ஒட்டுச் சீட்டுக்கு மாறினேன். கோடு போடத்தானே கூடாது, சீட்டு ஒட்டலாமே? கதைக்கு மஞ்சள், வர்ணனைக்குப் பச்சை, தத்துவத்துக்கு நீலம், எனக்குப் பிடிக்காததற்கு ரோஸ். எல்லாமே எனக்கு முக்கியமாகப் பட்டது. எதை விடுவது? முடிக்கும்போது புத்தகம் மூட மாட்டேன் என்றது. தோகை விரித்த மயில் மாதிரி நின்றது. அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது சீட்டுகளை எடுக்க மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எடுக்க மனசு வரவில்லை. அத்தனையும் என் உழைப்பு.

அடுத்து வாங்கியவள் புனிதா. பிள்ளைகள், கடைக் கணக்கு, சமையல் என்று நேரமில்லாதவள். என் சீட்டு இருந்த பக்கங்களை மட்டும் படித்தால் போதும் என்று முதலில் நினைத்தாளாம். அப்புறம் ஏதோ தோன்றி முழுவதையும் படித்திருக்கிறாள். கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“தப்பா நினைக்காதீங்கக்கா, நீங்க சீட்டு ஒட்டாத பக்கமெல்லாந்தான் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

ஜெராக்ஸ்

அதற்கு அடுத்த மாதம் சபதம் எடுத்தேன். பக்க எண்ணும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். பிடித்ததை அப்படியே எழுதிவிடுவது. எழுதினேன். எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பார்த்தால் பூரித்துப் போயிருப்பார், அப்படி ஒரு கையெழுத்து. ஒரு பத்தி, இரண்டு பத்தி, பிறகு முழு அத்தியாயம். சாம்பார் அடிப்பிடித்தது. மணிக்கட்டு வீங்கியது. கை எழுதிக்கொண்டே இருந்தது. தலை என்னவோ நாளைக்கு என்ன டிபன் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் அதை வாசித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள், ஏற்கெனவே அவர்களே படித்ததுதானே? கீழே டெய்லர் கடையின் மெஷின் சத்தம் என் குரலைவிடச் சுவாரஸ்யமாக இருந்தது. எனக்குப் பிறகு ஜொஹரா இரண்டு நிமிஷம் பேசினாள். எல்லாரும் வாய்க்குக் கொண்டுபோன சமோசாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தேன். என் மகள் நிவி துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால்கூடத் தமிழ் வராது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“மம்மி, திஸ் இஸ் நாட் நோட்ஸ். திஸ் இஸ் ஜெராக்ஸ்.”

பின்கழுத்து

மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்க மொபைலில் போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். சுலபம் என்றால் அவ்வளவு சுலபம். பிடித்த பக்கம் வந்ததா, ஒரு கிளிக். குறிப்பு எடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியில் அந்தப் பக்கத்தை நான் படிப்பதையே நிறுத்திவிட்டேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

அடுத்த கூட்டத்தில், “இதைக் கொஞ்சம் பாருங்க, கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்புற இடம்” என்று மொபைலைச் சுற்றுக்கு விட்டேன். புத்தகப் பக்கங்களுக்கு முன்னும் பின்னும் சூப்பர்மார்க்கெட் ஆஃபர், நிவியின் டைம்டேபிள், கரண்ட் மீட்டர், ஒரு ரவிக்கை டிசைன். யாரோ விரலை அதிகமாகத் தள்ளியிருக்கிறார்கள். திடீரென்று எல்லாத் தலைகளும் மொபைலின் மேல் கவிழ்ந்தன. ஆஹா, கடைசியில் என் குறிப்புக்கும் ஒரு மரியாதை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மல்லிகா அக்கா கேட்டார்:

“அந்தப் பொண்ணு கெளம்புனா கெளம்பட்டும் கண்ணு. இந்தப் பின்கழுத்து எந்த டெய்லர்கிட்ட வெட்டுனது?”

பச்சை மை

இதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மாதப் புத்தகம் ஒரு ஹாஸ்டல் வார்டனைப் பற்றியது. முதல் பேச்சு ஜொஹராவுக்குப் போய்விட்டிருந்தது. “ஒரு மாசம் அவ பேசட்டுமே” என்று மல்லிகா அக்கா மெதுவாக நகர்த்திவிட்டார். ஜொஹரா வார்டனில் ஆரம்பித்து, எங்கேயோ போய்ப் பழைய கப்பல்காரரைப் பிடித்து இழுத்து வந்தாள். எப்போதோ படித்த புத்தகம் அவளுக்கு மட்டும் எப்படிக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது? “இந்த வார்டன் யார்கிட்டயும் கோவப்படுறதில்ல. அந்தக் கப்பல்காரரும் லீவுல வந்தா பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சத்தமாப் பேச மாட்டார். வீட்டுல சண்டை போடாதவங்க விருந்தாளிங்க. தங்கப் போறவங்கதான் சண்டை போடுவாங்க” என்றாள்.

உடனே கைதட்டல். எனக்கே உடம்பு சிலிர்த்தது. எங்கிருந்துதான் பிடிக்கிறாளோ என்று பொருமிக்கொண்டே, நோட்டைத் திறந்து, பச்சை மையில் அந்த வாக்கியத்தை எழுதி இரண்டு கோடு போட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஜொஹரா எட்டிப் பார்த்தாள். வேடிக்கை என்னவென்றால் அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

“என்னக்கா இதை எழுதுறீங்க? அன்னிக்கு இந்தக் கிச்சன்ல பஜ்ஜி போட்டுக்கிட்டே நீங்க சொன்னதுதானே?”

பேரீச்சம்பழ டப்பா

அவள் சமோசா கொண்டுவந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் ஒரு காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். காவா என்கிற அரபுக் காப்பி போட்டுக் கொடுத்தாள். வீடு சுத்தமாக இருந்தது. டைனிங் டேபிள் காலியாக இருந்தது. அதுவும் என்னைக் குத்தியது. “எப்படிம்மா குறிப்பெடுக்கற?” என்று, ஏதோ பருப்பு எங்கே வாங்குகிறாய் என்று கேட்கிற குரலில் கேட்டேன்.

மறைப்பாள் என்று நினைத்தேன். மறைத்திருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். பேரீச்சம்பழம் வந்த காலி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். படிக்கும்போது எழுத மாட்டாளாம். ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மனசில் என்ன நிற்கிறதோ அதை மட்டும் தன் வார்த்தையில் எழுதுவாளாம். ஒரு சீட்டுக்கு ஒரே விஷயம். யார், என்ன நடந்தது, அது ஏன் தன்னைப் பிடித்து நிறுத்தியது, தனக்கு என்ன சந்தேகம். கீழே ஓரத்தில் புத்தகத்தின் பெயர். மேலே தலைப்பாக விஷயம்: ‘பயம்’, ‘கதவு’, ‘கோபம்’, ‘திரும்பி வருவது’. ஒரே தலைப்புச் சீட்டுகள் ஒரே கட்டாகக் கிடக்கும். கோபப்படாத வார்டனைத் தேடிப் போனால் கப்பல்காரரும் அதே கட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். யார் வாயிலிருந்தாவது நல்ல வார்த்தை விழுந்தாலும் அதுவும் அந்தக் கட்டுக்கே போய்விடும்.

“இதை யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றேன். பெரிய காலேஜ் பெயர் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

“யாருமில்லக்கா. யான்புல தமிழ்ப் புத்தகம் யார் கையிலயாவது வரும், ரெண்டு நாள்ல வேற கம்பெனிக் கேம்ப்புக்குப் போயிடும், அப்புறம் அதைக் கண்ணால பார்க்கவே முடியாது. புத்தகம் போன பிறகும் எனக்குப் புரியணும்ல, அப்படித்தான் எழுதிப் பழகிட்டேன்.”

காவா கசந்தது. இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

ஒரே கட்டு

அவள் செய்வதை நான் செய்யக் கூடாதா என்ன? அவளுடைய டப்பாவைவிடப் பெரிய டப்பாவாகப் பார்த்து எடுத்தேன். முதல் வேலையாகப் பழைய நோட்டுகளைச் சீட்டாக்கலாம் என்று கிளம்பினேன். கப்பல் நாவலை மல்லிகா அக்கா அலமாரியிலிருந்து வாங்கி வந்து, உட்காரக்கூட இல்லாமல் நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன். கப்பல்காரர் மசால் தோசை சாப்பிடுகிறார். சட்னி நீர்த்துப் போயிருக்கிறது. வேறொன்றுமில்லை. அன்றைக்கு இதில் எதைப் பார்த்து மூன்று ஆச்சரியக்குறி போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏன் என்பதை நான் எங்கேயும் எழுதவில்லை. ஒருவேளை எனக்குப் பசித்திருக்கும்.

பழசை விட்டுவிட்டுப் புதிதாகப் படித்ததிலிருந்து எழுதினேன். மூடினேன், யோசித்தேன், எழுதினேன், தலைப்புப் போட்டேன். நன்றாகத்தான் போயிற்று. ஒரே ஒரு சங்கடம், என் சீட்டுகளில் ஒரு கட்டு மட்டும் செங்கல் மாதிரி வளர்ந்துகொண்டே போனது. மற்றவை வெற்றிலை மாதிரி மெலிந்து கிடந்தன. சாப்பாட்டுத் தட்டுக்கு இடம் தேடி வந்த என் கணவர் அந்தக் கட்டை நகர்த்தப் போய், தலைப்பைப் படித்துவிட்டார். ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார்.

“ஏன்டி, உலகத்துல எழுதுன எல்லாப் புத்தகத்துலயும் எங்கம்மாதான் வர்றாங்களா?”

ஓடாத தையல் மெஷின்

இரண்டு சகோதரிகள், அம்மா இறந்த பிறகு சாமான்களைப் பிரித்துக்கொள்ளும் நாவல். முதல் பேச்சு ஜொஹராவுடையதுதான். நான் கடைசியில் பேசினேன். இந்தத் தடவை நோட்டு இல்லை, கலர் பேனா இல்லை. கைப்பையில் ஒரே ஒரு சீட்டு. அதற்காக இருபது சீட்டைக் கிழித்துப் போட்டேன் என்பது இங்கே யாருக்கும் தேவையில்லாத தகவல்.

“அக்காக்காரிக்குத் தையலே தெரியாது. அந்த மெஷின் ஓடவும் ஓடாது. ஆனாலும் நகையை விட்டுட்டு அதைத்தான் கேக்குறா. ஏன்? அம்மா அந்த மெஷின்ல உக்காந்திருக்கும்போது மடியில இருந்தது தங்கச்சி. அந்த இடம் இவளுக்குக் கிடைச்சதே இல்ல. இப்பக் கிடைக்காதுன்னும் அவளுக்குத் தெரியும். தங்கச்சி வீட்டுல அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஏனோ ஜொஹரா பக்கம் மட்டும் நான் திரும்பவில்லை.

யாரும் சமோசாவைத் தொடவில்லை. கீழே டெய்லர் கடையின் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மல்லிகா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அடேங்கப்பா, இதை எங்க கண்ணு இத்தன நாளா ஒளிச்சு வச்சிருந்த?” என்றார். என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. விழுங்கி முடிப்பதற்குள் அக்கா அந்தப் பக்கம் திரும்பினார்:

“ஜொஹரா கண்ணு, நீதான இவளுக்குச் சொல்லிக் குடுத்த?”

நீலக் குறி

மல்லிகா அக்கா போன வாரம்தான் ஊரிலிருந்து திரும்பினார். பெட்டியில் ஒரு புதுப் புத்தகம். குண்டானது, நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தது. வாட்ஸ்அப் குழுவில் வரிசை போட்டுவிட்டார்: முதல் பேச்சு ஜொஹரா, முதலில் புத்தகமும் ஜொஹராவுக்கு, பிறகு புனிதா, பிறகு மற்றவர்கள். கடைசியில் நான். “ஷீலா கடைசியா வாங்குனா நிதானமா வச்சுப் படிக்கலாம், சீட்டெல்லாம் ஒட்டுவா” என்று ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. நான் சீட்டு ஒட்டுவதை விட்டு மாதக்கணக்காகிறது. ஆனால் அதை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்?

காலையில் குழுவில் பணிவாகக் கேட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இரண்டு நீலக் குறியும் விழுந்துவிட்டது. மல்லிகா அக்கா ஏதோ எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நடுவில் புனிதா, “அக்கா, எனக்குச் சாம்பார்ப் பொடி கொண்டாந்தீங்களா?” என்று கேட்டதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

இத்தனை நாள் உத்தியோகத்தில் நான் கண்டது இதுதான்: குறிப்பெடுக்க யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டுவிடலாம், யாரிடம் கற்றோம் என்பதைத்தான் எந்தத் தலைப்பில் வைப்பதென்று தெரிவதில்லை.

சாயங்காலம், சமையலுக்குப் போகும் முன், இன்னொரு தடவை போட்டுவிட்டேன்: “மல்லிகா அக்கா, ஒரே ஒரு மாசம், இந்தப் புத்தகத்துக்கு மட்டும், முதல் பேச்சை எனக்குக் குடுங்களேன்?”